வைக்கோற் சுமையும் வங்கிச் சலுகையும்

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நிறைவுற்று மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், இடலாக்குடியைச் சார்ந்த பெரியவர் ஒருவர் நம்மைப் பள்ளிவாசலின் தூணோரம் அழைத்துச் சென்று, சட்டைப்பையிலிருந்து கறுப்பு நிற அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய மைந்தர் வளைகுடா நாடொன்றில் பொறியாளர். மாதந்தோறும் அவர் அனுப்பும் பணம் நாகர்கோவிலில் உள்ள வங்கிக் கிளையொன்றில் சேர்ந்து சேர்ந்து, இருப்பு 10 இலட்சத்தைத் தாண்டியதும், அந்தக் கணக்கை ‘உயர்தர வாடிக்கையாளர்’ கணக்காக உயர்த்திவிட்டார்களாம். அதன் அடையாளமே அந்த அட்டை. விமான நிலையத்தில் தனி ஓய்வறை, நகைப் பெட்டகத்தின் வாடகையில் பாதி தள்ளுபடி, கட்டணமில்லாத வரைவோலை, வீட்டுக்கே வந்து காசோலை வாங்கிச் செல்லும் ஊழியர், கிளைக்குச் சென்றால் வரிசையில் நிற்க வேண்டாத தனி மேசை என்று சலுகைகள் நீண்டன.

“ஹஜ்ரத், நம்ம வீட்டில் வட்டிப் பணம் ஒரு பைசா புழங்கியதில்லை. கணக்கில் விழும் வட்டியை அப்படியே எடுத்து, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். இது வட்டி இல்லை, மரியாதைதான் என்று மேனேஜர் சொல்கிறார். வைத்துக்கொள்ளலாம் அல்லவா?” என்று வினவினார்.

‘அல்லவா’ என்று அவர் முடித்த விதத்திலிருந்தே அவர் நாடிய விடை இன்னதென்பது விளங்கிற்று. நாம் ஒரு வாரம் தவணை கேட்டோம். இத்தகைய சலுகையொன்றை நாமே ஒருமுறை மனமார அனுபவித்திருந்தோம் என்பது அத்தவணைக்கு ஒரு காரணம். சில ஆண்டுகளுக்கு முன் உம்ராப் பயணத்தின்போது, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உறவினர் ஒருவர் நம்மை ஓய்வறைக்கு அழைத்துச் சென்றார். விருந்தாளி ஒருவரையும் உடன் கூட்டிச் செல்லும் உரிமை அவர்தம் அட்டைக்கு உண்டாம். வாயிலில் அட்டையை உரசினார்கள். 2 ரூபாய் கழிந்தது. உள்ளே மெத்தை இருக்கை, சுடச்சுட இட்லி, தேநீர், தொழுவதற்கு அமைதியான மூலை. வெளியே இரும்பு நாற்காலியில் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு தாய் உறங்கி வழிந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. இரண்டு ரூபாய்க்கு இவ்வளவா என்று வியந்தோமேயன்றி, மீதியைக் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்ற வினா அன்று நமக்கு எழவில்லை.

அவ்வினாவை இன்று எழுப்பிப் பார்ப்போம்.

முற்காலத்தில் வங்கிக் கணக்கு என்றால் எல்லோருக்கும் ஒரே புத்தகந்தான். 1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, வங்கி எளியோர் வாசலுக்கும் செல்ல வேண்டும் என்பதே நோக்கமாக உரைக்கப்பட்டது. நம் மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு முதற்கணக்கு ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூரில்தான் தொடங்கியது. அவ்வங்கி 2017 ஏப்ரல் 1ஆம் நாள் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்து மறைந்தது. 1990களில் புதிய தனியார் வங்கிகள் தோன்றியபின், வாடிக்கையாளரை இருப்பின் அளவைக் கொண்டு படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் சூட்டும் வழக்கம் வேரூன்றிற்று. இம்பீரியா என்பர், பர்கண்டி என்பர், பிரிவி லீக் என்பர். பர்கண்டி என்பது பிரான்சு நாட்டில் மதுவுக்குப் பேர்போன ஒரு வட்டாரம்; அம்மதுவின் செந்நிறத்துக்கும் அதுவே பெயர். நம் வீட்டுப் பிள்ளைகள் பெருமையோடு உச்சரிக்கும் பெயர்களின் பொருளையும் சற்று அறிந்து வைப்பது நன்று.

இனி, கணக்கைப் பாருங்கள். 10 இலட்சம் ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் வைத்தால், 2025ஆம் ஆண்டின் நடுவில் பெரிய வங்கிகள் அறிவித்த விகிதப்படி ஆண்டுக்கு 2.5 விழுக்காடு, அதாவது 25,000 ரூபாய் வட்டி. அதே தொகையைத் தவணை வைப்பில் போட்டால் ஏறத்தாழ 6 விழுக்காடு, 60,000 ரூபாய். நடப்புக் கணக்கில் வைத்தாலோ ஒன்றுமில்லை. ஆகவே மக்கள் தம் பணத்தைச் சேமிப்பிலோ நடப்பிலோ அசையாமல் விட்டுவைப்பது வங்கிக்குப் பெரும் ஆதாயம். மலிவாகக் கிடைத்த அப்பணத்தை அதிக விகிதத்துக்குக் கடன் கொடுத்து, இடையில் நிற்கும் வேறுபாட்டில் வங்கி வாழ்கிறது. அவ்வேறுபாட்டிலிருந்து ஒரு சிறு பங்கை ஓய்வறையாகவும் பெட்டக வாடகையாகவும் திருப்பித் தருகிறது. அதனால்தான் இருப்பு குறைந்தால் சலுகையும் நின்றுபோகிறது. மேலாளர் மரியாதை என்றாரே, அம்மரியாதை மனிதருக்கு உரியதாயின், பணத்தை எடுத்த மறுமாதம் ஏன் அது மறைய வேண்டும்?

இப்போது மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். வங்கியில் நாம் இடும் பணம் அமானிதமா, கடனா? இக்கேள்விக்குரிய விடையில்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. அமானிதமாயின், வைத்த நாணயத்தையே தொடாமல் காத்துத் திருப்பித் தர வேண்டும். காப்பவரின் கவனக்குறைவின்றித் தொலைந்தால் அவர் பொறுப்பாகார். வங்கி அவ்வாறு செய்வதில்லை. பணத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது, எது நேரினும் ஈடு தருவதாக ஒப்புக்கொள்கிறது. ஆகையால் பெயர் ‘வைப்பு’ என்றிருந்தாலும், உண்மையில் அது நாம் வங்கிக்குக் கொடுத்த கடன் என்பதே இக்கால மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. இதில் வியப்புக்குரியது யாதெனில், ஆங்கிலேயச் சட்டமும் இதனையே கூறுகிறது. 1848இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, ஃபோலி என்பாருக்கும் ஹில் என்பாருக்கும் இடையிலான வழக்கில், வங்கி கடனாளி, வாடிக்கையாளர் கடன் கொடுத்தவர் என்று தீர்ப்பளித்தது. இந்திய வங்கிச் சட்டமும் அவ்வழியில்தான் நடைபோடுகிறது.

இவ்வுண்மையை நம் பாட்டனார்கள் ஏட்டில் படிக்காமலே உணர்ந்தவர்கள். நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலம். 1937இல் இரு வங்கிகள் இணைந்து உருவான திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க், மறு ஆண்டு ஜூன் மாதமே கதவடைத்தது. பணம் போட்டவர்கள் தாம் பத்திரப்படுத்தி வைத்தது பொருளன்று, பிறருக்குக் கொடுத்த கடன் என்பதை அன்று அறிந்தார்கள். பின்னர் 1960இல் பாலாய் சென்ட்ரல் பாங்க் வீழ்ந்ததன் விளைவாக வைப்புக் காப்பீடு என்னும் ஏற்பாடு பிறந்தது. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு அக்காப்பீடு 5 இலட்சம் ரூபாய் வரைதான். சலுகையை எண்ணி 10 இலட்சத்தையும் ஒரே இடத்தில் குவிப்போர் இதனையும் எண்ணிப் பார்க்கட்டும்.

நாயகத் தோழர் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறு புகாரி நூலில் பதிவாகியுள்ளது. மக்கள் அவர்களிடம் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். அவர்களோ, அமானிதமாக வேண்டாம், தொலைந்துவிடும் என அஞ்சுகிறேன், கடனாகத் தந்து செல்லுங்கள் என்பார்கள். கடனாயின் தொலைந்தாலும் தாமே பொறுப்பு என்பதற்காக அவ்வாறு கேட்டார்கள். அவர்கள் ஷஹீதானபோது, அவ்வகைக் கடன் 22 இலட்சமாக நின்றது. மைந்தர் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் நிலங்களை விற்று, ஒருவர் பாக்கியின்றி அடைத்தார்கள். ஹஜ்ஜுக் காலத்தில் மக்கள் கூடும் இடத்தில், எம் தந்தையார் கடன்பட்டோர் யாரேனும் உண்டா என்று நான்கு ஆண்டுகள் அறிவிப்புச் செய்த பின்னரே எஞ்சியதைப் பங்கிட்டார்கள். அவ்வளவு பெரும் தொகையை ஒப்படைத்தவர்கள் பதிலாகப் பெற்றது நம்பிக்கை ஒன்றே.

கடன் கொடுத்தவருக்கு அக்கடனின் வழியாக நிபந்தனையோடு வந்து சேரும் பயன் எதுவாயினும் அது வட்டியின் இனத்தைச் சார்ந்தது என்பது நான்கு மத்ஹபு இமாம்களும் ஏற்ற விதி. இதனை நபிமொழி என்றே சொல்வோர் உளர்; அவ்வாறு வரும் அறிவிப்பின் தொடர் வலுவற்றது. ஆயினும் நபித்தோழர்கள் பலருடைய தீர்ப்பு இதுவே. அவற்றுள் ஒன்று, இன்றைய வினாவுக்காகவே உரைக்கப்பட்டது போன்று தோன்றுகிறது. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் புதல்வர் அபூபுர்தா (ரஹ்) மதீனாவுக்கு வந்து அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்களைக் கண்டார். அவர்கள் இவரை இல்லத்துக்கு அழைத்து மாவும் பேரீச்சையும் அளித்து உபசரிக்க முன்வந்ததோடு ஓர் எச்சரிக்கையும் செய்தார்கள்: நீர் வாழும் நாட்டில் வட்டி பரவிக் கிடக்கிறது; உமக்குக் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலோ, ஒரு சுமை வாற்கோதுமையோ, கால்நடைத் தீவனமோ அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதீர், அது வட்டி, என்னும் கருத்துப்பட உரைத்தார்கள். இதுவும் புகாரியில் உள்ளதே.

வைக்கோல் என்ன பெறும்? மிகச் சொற்பம். ஆனால் அவ்வறிஞர் பொருளின் விலையைப் பார்க்கவில்லை, அது வரும் வழியைப் பார்த்தார். நம் இல்லங்களில் ரூபாயாக வரும் வட்டியைக் கண்டால் கை சுடுகிறது. அதே வட்டி இட்லியாகவும் மெத்தை இருக்கையாகவும் பாதி வாடகையாகவும் வந்தால் கை சுடுவதில்லை. இடலாக்குடிப் பெரியவர் கணக்கில் விழுந்த வட்டியை நேர்மையாக எடுத்து வெளியேற்றினார். அட்டையின் வழியே வந்ததை மட்டும் மரியாதை என்றெண்ணி வீட்டுக்குள் விட்டார். இருவேறு வாயில்களில் வந்தது ஒரே பொருள் என்பது அவருக்குப் புலப்படவில்லை. விமான நிலையத்தில் நமக்கும் புலப்படவில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழும். அண்ணல் நபி (ஸல்) அவர்களே ஒருவரிடம் இளம் ஒட்டகம் ஒன்றைக் கடன் பெற்று, அதனினும் சிறந்த ஒட்டகத்தைத் திருப்பித் தரச் செய்தார்களே, கடனாளி மகிழ்ந்து தரும் அன்பளிப்பு எவ்வாறு விலக்கப்படும் என்பர். உண்மையே. ஆனால் அங்கு முன்கூட்டிய பேச்சு இல்லை. கடன் தீரும் வேளையில் கடனாளி தானாக விரும்பிச் செய்த நன்மை அது. இங்கோ இவ்வளவு இருப்புக்கு இன்ன சலுகை என்று அச்சிட்ட ஏடே இருக்கிறது. நிபந்தனை அச்சேறிய பின் அது அன்பளிப்பாகாது. மலேசியா நாட்டில் இத்தகைய வைப்பை ‘வதீஆ’ என்று பெயரிட்டு, முன்கூட்டி உறுதியளிக்காமல் அன்பளிப்பு வழங்கும் முறை உண்டு. அங்கும் அறிஞரிடையே கருத்து வேற்றுமை நிலவுகிறது.

எனினும் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுதல் நீதியன்று. பஹ்ரைனில் இயங்கும் இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல், தணிக்கை அமைப்பு, கடன் பற்றிய தன் 19ஆம் ஷரீஅத் விதித்தொகுப்பில் இதனைத் தெளிவாகப் பிரிக்கிறது. காசோலைப் புத்தகம், பணம் எடுக்கும் அட்டை போன்றவை பணம் போடுவதற்கும் எடுப்பதற்கும் உரிய கருவிகள்; அவற்றில் தவறில்லை. பணம் போடல் எடுத்தலோடு தொடர்பற்ற பொருட்பரிசும், பெட்டகம் போன்ற சேவைகளின் கட்டணத் தள்ளுபடியும், கணக்கு வைத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வழங்கப்படின் ஆகா. எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாக வழங்கப்படுவது வேறு.

கடன் அட்டையின் வழக்கு வேறு. அங்கு வங்கி கடன் கொடுப்பது, நாம் கடனாளி. கடன் கொடுத்தவரே கடனாளிக்குப் பரிசுப் புள்ளிகள் தந்தால், மேற்சொன்ன விதியின்படி அது வட்டியாகாது. கடைக்காரரிடம் பெறும் தரகிலிருந்து தரும் தள்ளுபடியே அது. ஆண்டுக் கட்டணத்தையும் சேவைக்கான கூலியாகக் கொள்ளலாம். அங்குள்ள ஆபத்து ஒப்பந்தத்தின் அடியில் இருக்கிறது. தவணை தவறினால் வட்டி தருவேன் என்று கையொப்பமிட்டே அவ்வட்டை பெறப்படுகிறது. அவ்வட்டி பல அட்டைகளில் ஆண்டுக்கு 40 விழுக்காட்டையும் மிஞ்சும். 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் இட்ட வரம்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20ஆம் நாள் நீக்கிவிட்டது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2000 செப்டம்பரில் ரியாத் நகரில் கூடி, வட்டி நிபந்தனை அடங்கிய கடன் அட்டை கூடாது, தவணைக்குள் செலுத்தும் எண்ணம் இருப்பினும் கூடாது என முடிவு செய்தது. தேவையுடையோர் தவணை தவறாத ஏற்பாட்டுடன் வைத்துக்கொள்ளலாம் என்று இளக்கம் காட்டும் அறிஞரும் உளர். ஓய்வறையில் அமர்வதைத் தேவை என்று அவர்களும் சொல்லார்.

தனி மேசையைப் பற்றிப் பெரியவர் மறுபடியும் கேட்டார். வயது எழுபதை நெருங்குகிறது, வரிசையில் நின்றால் கால் வலிக்கிறது என்றார். அது பணம் போடல் எடுத்தலைச் சார்ந்த வசதியாதலின், சட்டப்படி அதனை வட்டி என்று நாம் துணிந்து கூற மாட்டோம். மனம் வேறொன்று கூறுகிறது. மக்கத்துப் பெருந்தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்த வேளையில் வந்து குறுக்கிட்ட பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் முகம் சுளித்ததற்காக, அகிலத்துக்கே அருட்கொடையாக வந்த நபி (ஸல்) அவர்களை இறைவன் கண்டித்த அத்தியாயம் அருள்மறையில் 80ஆவதாக நின்று இன்றும் ஓதப்படுகிறது. முதியவர் என்பதற்காக மேசை தந்தால் அது கருணை. வரிசையில் நிற்கும் எழுபது வயதுக் கூலித் தொழிலாளிக்கும் அம்மேசை கிடைக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

அவ்வரிசையில் நிற்பவரின் கணக்கில் நடப்பது என்ன? குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம். 2019–20 முதல் 2023–24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இவ்வகையில் பெற்றது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று 2024இல் நாடாளுமன்றத்தில் அரசு விடையளித்தது. பாரத ஸ்டேட் வங்கி இவ்வபராதத்தை 2020 மார்ச்சிலேயே கைவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும், பஞ்சாப் நேஷனல், பரோடா, இந்தியன் ஆகிய வங்கிகள் அவ்வாண்டு ஜூலையிலும் கைவிட்டன. பாராட்டத்தக்க செயல். ஆனால் அடுத்த மாதமே ஐசிஐசிஐ வங்கி, பெருநகர், நகர்ப்புறக் கிளைகளில் புதிய சேமிப்புக் கணக்குக்கான மாதச் சராசரி இருப்பை 10,000 ரூபாயிலிருந்து 50,000 ஆகவும், சிறு நகரங்களில் 5,000 ரூபாயிலிருந்து 25,000 ஆகவும் உயர்த்தியது. எதிர்ப்புக் கிளம்பவே, சில நாட்களிலேயே முறையே 15,000 எனவும் 7,500 எனவும் குறைத்தது. இருப்பின் அளவை முடிவு செய்வது வங்கிகளின் உரிமை என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் அவ்வேளையில் கூறினார்.

எளியவரின் அபராதம்தான் செல்வரின் ஓய்வறைக்குச் செல்கிறது என்று நேர்க்கணக்கு காட்ட இயலாது. அவ்வாறு கூறுதல் அவதூறாகிவிடும். ஆனால் வரவும் செலவும் ஒரே பேரேட்டில்தான் எழுதப்படுகின்றன. இல்லாதவர் இல்லாமைக்காகக் கட்டணம் செலுத்த, உள்ளவர் உள்ளமைக்காகக் கட்டண விலக்குப் பெறும் ஏற்பாட்டில், நாம் எப்பக்கம் அமர்ந்திருக்கிறோம் என்பதேனும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்கும், கடையில் நிற்கும் பையன்களுக்கும் ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: இருப்புத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒவ்வொரு வங்கியிலும் உண்டு, அதில் இருப்பு இல்லையென்று அபராதம் விதிக்க விதியில்லை. ஏனைய கணக்குகளிலும் முன்னறிவிப்பின்றி அபராதம் பிடித்தல் ஆகாது. அபராதத்தாலேயே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குதலும் ஆகாது என்பது 2014இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

ஜகாத்தைப் பற்றியும் ஒரு சொல். சலுகைக்காக விட்டுவைத்த இருப்பை ‘எடுக்கக் கூடாத பணம்’ என்று கருதிச் சிலர் ஜகாத் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தவறு. எடுத்தால் சலுகை போகுமேயன்றி, எடுக்கும் உரிமை போகவில்லை; ஆண்டு நிறைந்தால் 10 இலட்சத்துக்கு 25,000 ரூபாய் ஜகாத் கடமை. வங்கி தரும் 2.5 விழுக்காடும், இறைவன் கேட்கும் 2.5 விழுக்காடும் அளவில் ஒன்றாக அமைந்துவிட்டதால், வட்டியை எடுத்து ஜகாத்தாகக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு வணிகர் நம்மிடம் கணக்குச் சொன்னார். வட்டிப் பணத்தால் ஜகாத் நிறைவேறாது என்று அவருக்கு விளக்குவதற்குள் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்துவிட்டது.

அடுத்த வெள்ளியன்று பெரியவரிடம் இவற்றைச் சொன்னோம். மகனுக்கு உரிய பணத்தை மகன் பெயரில் நிலமாகவோ, இலாபநட்டத்தில் பங்குகொள்ளும் நேர்மையான வாணிபமாகவோ மாற்றுவது பற்றி அவரோடு கலந்து பேசுமாறும், செலவுக்குரிய தொகையைச் சாதாரணக் கணக்கில் வைத்துக்கொள்ளுமாறும் கூறினோம். அவர் வாதிடவில்லை. ஓய்வறையை விட்டுவிடலாம், பெட்டகத்துக்கு மட்டும் என்ன செய்வது, மகளின் நகைகள் அதில் உள்ளனவே என்று கவலைப்பட்டார். பெட்டகத்தில் தவறில்லை, தள்ளுபடி இல்லாமல் முழு வாடகையையும் செலுத்திவிடுங்கள் என்றோம்.

திங்களன்று அவர் வங்கிக்குச் சென்று, வாடகையை முழுமையாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். உங்கள் வகைக் கணக்குக்கு முழு வாடகை வாங்கக் கணினியில் இடமில்லை, முதலில் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், அதற்குக் கணக்குடையவரான மகனின் கையொப்பம் வேண்டும் என்றார்களாம். மகன் விடுப்பில் வர இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. அதுவரை தள்ளுபடித் தொகையைக் கணக்கிட்டு, வட்டிப் பணத்தோடு சேர்த்து, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்து வருமாறு கூறியிருக்கிறோம். அட்டையை அவர் நம்மிடம் தந்துவிட்டுப் போக விரும்பினார். நாம் வாங்கவில்லை, அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாராம்.